சர்க்கரையா, கொழுப்பா? ஓர் ஈயின் இறக்கையும் ரெண்டு மார்க் விடையும்

சினிமா, கிரிக்கெட் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஈயைப் பற்றி எழுதுகிறானே என்று ஓடிவிடாதீர்கள். உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு வரி: "விங்லெஸ் என்பது செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் ஒரு கிளைக்கோபுரதம்."

என் வகுப்புத் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வரி. 'சிறு குறிப்பு வரைக' என்று வந்தால் முதல் வரியாக இதைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவோம். நாம் மட்டுமில்லை, ஆய்வுக் கட்டுரைகளும் பெரும்பாலும் இதே வரியில்தான் தொடங்குகின்றன. கிளைக்கோபுரதம் என்றால் சர்க்கரை ஒட்டிய புரதம். சுரக்கப்படும் என்றால் ஒரு செல் அதைச் செய்து வெளியே அனுப்புகிறது என்று பொருள். அவ்வளவுதான். ரெண்டு மார்க்.

இந்த வரியில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இதிலுள்ள மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'கிளைக்கோ' என்ற சொல், இல்லாமலே சமாளிக்கக்கூடிய ஒன்றை முன்னால் நிறுத்துகிறது. 'புரதம்' என்ற சொல், இல்லாமல் முடியவே முடியாத ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. 'சுரக்கப்படும்' என்ற சொல், இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்குக்குத் தீர்ப்பு வந்துவிட்ட மாதிரி காட்டுகிறது. சரியான வரியை மனப்பாடம் செய்தும் விஷயத்தைக் கோட்டை விடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

டெல்லியில் பிறந்த இறக்கையில்லாத ஈ

பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் பொடி ஈக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகைப் பழ ஈக்களில் ஒன்றுதான் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். நூறு வருடங்களுக்கும் மேலாக மரபியல் ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை.

1973-ல் புதுடெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்.பி. சர்மா என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரமான ஈயைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். டிரோசோஃபிலா ஆய்வாளர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஒரு சுற்றிதழில் அது வந்தது. அந்த ஈக்கு இறக்கை இல்லை. அதனால் பெயரும் 'விங்லெஸ்', இறக்கையற்றது. 1976-ல் சர்மாவும் வி.எல். சோப்ராவும் சேர்ந்து அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். இறக்கை சும்மா காணாமல் போகவில்லை. இறக்கை வரவேண்டிய இடத்தில் முதுகுப்பகுதியின் இன்னொரு நகல் வளர்ந்திருந்தது. அதாவது அந்தச் செல்கள் சாகவில்லை. "நீ இறக்கையாகு" என்ற உத்தரவு வராததால் வேறு ஒன்றாக ஆகிவிட்டன. இன்னொரு விநோதம், ஒரே குடும்பத்து ஈக்களில் சிலவற்றுக்கு ரெண்டு இறக்கையும் இல்லை, சிலவற்றுக்கு ஒன்று மட்டும் இல்லை, சிலவற்றுக்கு இரண்டும் ஒழுங்காக இருந்தன.

இந்த டெல்லிக் கதையை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? விங்லெஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஜெர்மனிதான். அதுவும் நியாயம்தான். 1980-ல் ஹைடல்பர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷௌஸும், ஈயின் கரு எப்படிக் கண்டம் கண்டமாகப் பிரிகிறது என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களைத் தேடிப் பட்டியல் போட்டார்கள். அதில் விங்லெஸ்ஸும் இருந்தது. அந்த மரபணு முழுதாகக் கெட்டால் இறக்கை என்ன, ஈயே பிறக்காது. கரு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். சாதாரண லார்வாவின் வயிற்றுப் பக்கம் முள் வரிசை, வழவழப்பு, முள் வரிசை, வழவழப்பு என்று மாறி மாறி இருக்கும். விங்லெஸ் இல்லாத கருவில் வழவழப்பான இடங்கள் போய், எங்கே பார்த்தாலும் முள். இந்த வேலைக்காக அவர்கள் இருவருக்கும், எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து, 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையில் வேறொரு மூலையில் வேறொரு கதை. 1982-ல் ரோல் நுஸ்ஸேயும் ஹரால்ட் வார்மஸும் எலிகளுக்கு மார்பகப் புற்றுநோய் வரவழைக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்தார்கள். அந்த வைரஸ் எலியின் மரபணுத் தொகுப்பில் எங்கே போய் உட்காருகிறது என்று தேடியபோது ஒரு மரபணு சிக்கியது. அதற்கு இண்ட்-1 என்று பெயர் வைத்தார்கள். 1987-ல் அதன் ஈ வடிவத்தைத் தேடினால், அது நம்ம விங்லெஸ்ஸேதான்! டெல்லியில் ஈயின் இறக்கையைப் பறித்ததும், எலிக்குப் புற்றுநோய் கொடுத்ததும் ஒரே குடும்பத்து மரபணு. 1991-ல் விங்லெஸ், இண்ட் இரண்டையும் கலந்து 'விண்ட்' என்று குடும்பப் பெயர் சூட்டினார்கள். ஈயில் 7, மனிதனில் 19 விண்ட் மரபணுக்கள் இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1987-லேயே இந்த மரபணுவின் எழுத்து வரிசை கையில் வந்துவிட்டது. வரிசையிலிருந்து புரதத்தின் அமினோ அமிலங்களையும் எழுதிவிடலாம். முன்னால் 'என்னை வெளியே அனுப்பு' என்று சொல்லும் ஒரு சிறு துண்டு இருக்கிறது. சர்க்கரை ஒட்டக்கூடிய இடங்களும் தெரிகின்றன. ஆக, சுரக்கப்படும் கிளைக்கோபுரதம். நம் ரெண்டு மார்க் விடை தயார். கதை முடிந்தது என்று நினைத்தால், உண்மையில் அங்கேதான் ஆரம்பம்.

முதல் சொல்: கிளைக்கோ

வெளியே போகவேண்டிய புரதம் செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்ற அறைக்குள் நுழைந்துகொண்டே தயாராகிறது. அங்கே 14 சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு கொத்து முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டிருக்கும். புரதச் சங்கிலியில் அஸ்பராஜின், அதற்கடுத்து புரோலின் தவிர ஏதாவது ஒன்று, அதற்கடுத்து செரீன் அல்லது த்ரியோனின் என்று வரிசை வந்தால், அந்த அஸ்பராஜின் மேல் கொத்தை அப்படியே தூக்கி ஒட்டிவிட வாய்ப்பிருக்கிறது. பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிப்பார்கள். புரதம் சரியாக மடிந்ததா என்று செல் பார்ப்பதற்கும் இந்தச் சர்க்கரை பல புரதங்களில் உதவுகிறது.

நம் விங்லெஸ்ஸிலும் சர்க்கரை ஒட்டுகிறது. சந்தேகமில்லை. கேள்வி என்னவென்றால், அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2012-ல் வெளியான ஒரு ஆய்வில் இதை நேராகவே செய்து பார்த்தார்கள். விங்லெஸ் புரதத்தில் அஸ்பராஜின் வழியாகச் சர்க்கரை ஒட்டும் இடங்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். சர்க்கரை இல்லாத விங்லெஸ். அது செல்லைவிட்டு வெளியே போனதா? போனது. வேலை செய்ததா? செய்தது. சொல்லிக்கொள்ளும்படி பெரிய குறை எதுவும் தெரியவில்லை.

அதாவது இந்தச் சர்க்கரை, கடிதத்தில் போடும் பிள்ளையார் சுழி மாதிரி. எல்லாரும் போடுகிறோம், போடுவது நல்லதுதான், ஆனால் போடாவிட்டாலும் கடிதம் போய்ச் சேரும். ஒரு எச்சரிக்கை: இது ஈயின் விங்லெஸ்ஸுக்கு மட்டும். பாலூட்டிகளின் சில விண்ட் புரதங்கள் செல்லைவிட்டு வெளியேறுவதற்குச் சர்க்கரை தேவைப்படுகிறது. 'விண்ட் புரதங்கள் எல்லாம் இப்படித்தான்' என்று ஒரே வரியில் எழுத முடியாது.

அப்போது சர்க்கரைக்கும் விங்லெஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அதிலும் ஒரு திருப்பம். 1997-ல் 'ஷுகர்லெஸ்' என்ற ஈ மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது கெட்டால் கரு பார்ப்பதற்கு விங்லெஸ் கெட்ட கரு மாதிரியே இருக்கும். அந்த மரபணு செய்வது ஒரு நொதி. செல்லின் வெளிப்புறத்தில் ஹெப்பரான் சல்பேட் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டத் தேவையான மூலப்பொருளை அந்த நொதி தயாரிக்கிறது. ஆக விங்லெஸ்ஸுக்குச் சர்க்கரை வேண்டும்தான். ஆனால் தன் மேல் ஒட்டிய சர்க்கரை அல்ல, அது போகும் வழியில் நிற்கும் சர்க்கரை! நம் ஒரு வரி விடை சரியான பொருளைச் சொல்லித் தப்பான இடத்தைக் காட்டுகிறது.

இரண்டாவது சொல்: புரதம்

விண்ட் மரபணு கையில் கிடைத்தும், சுத்தமான, வேலை செய்கிற விண்ட் புரதத்தைப் பிரித்தெடுக்க எவ்வளவு நாள் ஆனது தெரியுமா? இண்ட்-1 கிடைத்த 1982-லிருந்து எண்ணினால் 21 வருடங்கள். 2003-ல்தான் ஸ்டான்ஃபோர்டில் நுஸ்ஸேயின் ஆய்வகம் எலியின் ஒரு விண்ட் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 2000-ல், டிரோசோஃபிலாவின் மரபணுத் தொகுப்பு கிட்டத்தட்ட முழுவதும் வாசிக்கப்பட்டுவிட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? வரிசையைப் பார்த்தால் அது தண்ணீரில் கரையும் சாதுவான புரதம் மாதிரிதான் தெரியும். ஆனால் நிஜத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி நடந்துகொண்டது. செல்லின் மேலேயே ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் போட்டால் செயலிழந்துவிடும். டிடர்ஜென்ட் சேர்த்து அலசித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். காரணமும் அப்போதுதான் வெளிப்பட்டது. புரதத்தின் மேல் ஒரு கொழுப்பு ஒட்டியிருந்தது. அந்தக் கொழுப்பை ஒரு நொதி வைத்து வெட்டிவிட்டால் புரதம் இருக்கும், வேலை நடக்காது.

மரபணு வரிசையில் இது எழுதப்பட்டிருக்கவில்லையா என்று கேட்கலாம். எழுதப்பட்டிருந்தது, நமக்கு வாசிக்கத் தெரியவில்லை. எந்த செரீனில் கொழுப்பு ஒட்டும் என்று அன்றைக்கு வரிசையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. பாத்திரம் கழுவுகிற வேலையைச் செய்துதான் தெரிந்துகொண்டார்கள் :-)

அதோடும் முடியவில்லை. 2003-ல் கொழுப்பு ஒரு சிஸ்டீனில் ஒட்டியிருப்பதாகத் தெரிந்தது. 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு செரீனில் பால்மிட்டோலீயிக் அமிலம் ஒட்டியிருப்பதைக் காட்டினார்கள். 16 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு. 2012-ல் ஒரு தவளை விண்ட் புரதமும் ஃப்ரிஸில்ட் என்ற ஏற்பியின் ஒரு பகுதியும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பு வெளியானது. படத்தைப் பார்த்தால் ஒரு கை கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஏற்பியைக் கிள்ளிப் பிடிப்பது மாதிரி இருக்கும். கட்டைவிரல் நுனியில், அந்த செரீனில், கொழுப்பு. அது ஏற்பியில் உள்ள ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்துகிறது. பழைய சிஸ்டீனோ, இன்னொரு சிஸ்டீனோடு கைகோத்துக்கொண்டிருந்தது. கொழுப்பு ஒட்ட அங்கே இடமே இல்லை.

பிள்ளையார் சுழி சர்க்கரை என்றால், விலாசம் இந்தக் கொழுப்பு. சுழி இல்லாமல் கடிதம் போகும், விலாசம் இல்லாமல் போகாது. ஆனால் நம் வரியில் சுழிக்குப் பெயர் இருக்கிறது, விலாசத்துக்கு இல்லை!

இங்கேதான் மரபியலுக்கு ஒரு சலாம் போட வேண்டும். கொழுப்பு என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே ஈ அதைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. 'போர்க்குப்பைன்' என்று ஒரு மரபணு, முள்ளம்பன்றி என்று அர்த்தம். அது கெட்டாலும் கருவில் எங்கும் முள். விங்லெஸ்ஸைச் செய்கிற செல்லில்தான் அதற்கு வேலை என்று 1996-ல் தெரிந்தது. என்ன வேலை என்று அன்று தெரியவில்லை. 2000-ல் அதன் வரிசையை மற்றவற்றோடு ஒப்பிட்டு, கொழுப்பு ஒட்டும் நொதிகளின் குடும்பம் மாதிரி இருக்கிறதே என்று ஊகித்தார்கள். 2003-ல் வேதியியல் வந்து அதற்கு அர்த்தம் கொடுத்தது. 2006-ல், கொழுப்பு ஒட்டிய விங்லெஸ்ஸைக் கைப்பிடித்து வெளியே கூட்டிப்போகும் 'விண்ட்லெஸ்' என்ற புரதம் ஈயில் கிடைத்தது. வெவ்வேறு குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கண்டுபிடித்து வெவ்வேறு பெயர் வைத்தார்கள்.

'நோட்டம்' கதை இன்னும் சுவாரசியம். 2002-லேயே கிடைத்த மரபணு, விங்லெஸ்ஸை அடக்கி வைக்கும். செல்லுக்கு வெளியே உள்ள அந்தச் சர்க்கரைச் சங்கிலிப் புரதங்களை வெட்டிவிடுகிறது என்று பத்து வருடத்துக்கு மேல் நம்பினார்கள். 2015-ல் லண்டன் ஆய்வாளர்கள் பார்த்தால், அது வெட்டுவது விங்லெஸ்ஸின் கொழுப்பை! சர்க்கரையைத் தேடிய இடத்தில் மறுபடியும் கொழுப்பு. 'கிளைக்கோ' என்ற சொல் நம் கண்ணில் மட்டுமல்ல, பெரியவர்கள் கண்ணிலும் கொஞ்சம் மண்ணைத் தூவியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்றாவது சொல்: சுரக்கப்படும்

லார்வாவின் உடம்புக்குள் சின்னப் பை மாதிரி ஒரு திசு இருக்கிறது. கூட்டுப்புழுப் பருவத்தில் அதுதான் இறக்கையாக விரியும். அதன் நடுவில் ஒரு கோட்டில் உள்ள செல்கள் விங்லெஸ்ஸைச் செய்கின்றன. பாடத்தில் வரும் படம் ஞாபகம் இருக்கிறதா? நடுக்கோட்டிலிருந்து விங்லெஸ் பரவுகிறது. பக்கத்தில் அதிகம், தூரத்தில் குறைவு. ஒவ்வொரு செல்லும் தனக்கு எவ்வளவு வந்தது என்று பார்த்துத் தன் தலைவிதியை முடிவு செய்துகொள்கிறது. சமையலறையில் தாளித்தால் வாசனையின் அளவை வைத்தே நாம் எத்தனை அறை தள்ளி இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிற மாதிரி.

1996-ல் இதற்கு வலுவான ஆதாரம் வந்தது. விங்லெஸ்ஸை ஒரு சவ்வுப் புரதத்தோடு சேர்த்துக் கட்டி, செல்லைவிட்டு நகர முடியாமல் செய்தார்கள். கட்டிப்போட்ட விங்லெஸ் பக்கத்துச் செல்லை மட்டும் தூண்டியது. கட்டாத விங்லெஸ் தூரத்துச் செல்களையும் தூண்டியது. ஆக அது பயணம் செய்கிறது. படம் சரி.

2014-ல் லண்டனில் அதே கட்டிப்போட்ட விங்லெஸ்ஸை எடுத்து வேறொரு கேள்வி கேட்டார்கள். ஈயின் சொந்த விங்லெஸ்ஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கட்டிப்போட்டதை மட்டும் வைத்தால்? கருவிலேயே செத்துவிடும், அல்லது இறக்கை இல்லாமல் பிறக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஈ பிறந்தது. இறக்கையோடு பிறந்தது! ஒழுங்கான அமைப்பு, கிட்டத்தட்டச் சரியான அளவு. வளர்ச்சி கொஞ்சம் தாமதம், உடம்பும் கொஞ்சம் பலவீனம். அவ்வளவுதான். காரணமும் சொன்னார்கள். ஆரம்ப நாட்களில் அந்தத் திசு முழுவதும் பரவலாக விங்லெஸ்ஸைச் செய்கிறது. பிறகுதான் அது நடுக்கோட்டுக்குச் சுருங்குகிறது. தூரத்துச் செல்களுக்குக் கடிதம் வரத் தேவையில்லை, சின்ன வயதில் தாங்களே வைத்திருந்ததன் ஞாபகம் போதும்.

அப்படியானால் பயணம் என்பதே பொய்யா? அவசரப்படாதீர்கள். 2018-ல் ஈயின் சிறுநீரகம் போன்ற மால்பீஜியன் குழல்களைப் பார்த்தவர்கள், அங்கே விங்லெஸ் விடுபட்டுப் பரவினால்தான் அமைப்பு சரியாக வருகிறது என்று காட்டினார்கள். ஒரே ஈ, ஒரே புரதம், உறுப்புக்கு உறுப்பு பதில் வேறு. இன்னொரு கேள்வியும் பாக்கி இருந்தது. கொழுப்பு ஒட்டிய பொருள் தண்ணீர் மாதிரியான சூழலில் எப்படித் தூரம் போகும்? 2020-ல் ஒரு பதில் வந்தது. செல்லின் வெளியே நிற்கும் அதே சர்க்கரைச் சங்கிலிப் புரதங்களில் ஒன்று, தன் புரதப் பகுதியில் உள்ள ஒரு பள்ளத்தில் அந்தக் கொழுப்பை ஒளித்து வைத்துக்கொள்ள முடியும். சர்க்கரையும் கொழுப்பும் கடைசியில் அங்கே சந்தித்துக்கொண்டன.

சரி, இதனால் நமக்கு என்ன?

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். "தம்பி, முதல் வருடம் படிக்கிறவனுக்கு ஒரு எளிய வரி வேண்டாமா? எல்லாக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தால் சிலபஸ் எப்போது முடிவது?" நியாயமான கேள்வி. எளிய வரி வேண்டும்தான். அதற்கு நான் எதிரி இல்லை. என் வாதம், அந்த வரியை விடையாகக் கொடுக்காமல் கேள்வியாகக் கொடுங்கள் என்பதுதான். "விங்லெஸ் ஒரு கிளைக்கோபுரதம். அதன் சர்க்கரை அவசியமா என்று எப்படிச் சோதிப்பாய்?" இதற்கும் ரெண்டு மார்க் போதும். பதில் ரெண்டு வரிதான்: ஒட்டும் இடத்தை மாற்று, ஈயில் வைத்துப் பார். மனப்பாடம் செய்தவனும் யோசித்தவனும் அந்த இடத்தில் பிரிந்துவிடுவார்கள். திருத்துகிறவருக்கும் ஒரே விடையை நூறு தாளில் படிக்கும் தண்டனை குறையும்.

இரண்டாவது, மரபியல் ஒரு தாள், உயிர்வேதியியல் ஒரு தாள் என்று பிரித்துப் படிக்கிறோம். இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி. ஆனால் இந்தக் கதையில் எந்த இடத்திலும் ஒன்று மட்டும் போதவில்லை. மரபியல் மட்டும் இருந்திருந்தால், போர்க்குப்பைன் 'ஏதோ ஒரு விதத்தில் தேவை' என்பதோடு நின்றிருக்கும். வேதியியல் மட்டும் இருந்திருந்தால், கொழுப்பு இருப்பது தெரியும், அதனால் ஒரு உயிருக்கு என்ன ஆகிறது என்பது தெரியாது. இப்போது நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மரபணு வரிசையைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதுதான் ஆசை. ஆசைப்படுங்கள், நல்ல துறைதான். ஆனால் வரிசை கிடைத்து 16 வருடம் கழித்துத்தான் அதன் முக்கியமான பகுதி தெரிந்தது, அதுவும் டிடர்ஜென்ட் போட்டு அலசியவர்களால் தெரிந்தது என்பதை மறக்காதீர்கள்.

மூன்றாவது, இது வெறும் ஈ விஷயமில்லை. மனிதர்களிடமும் போர்க்குப்பைன் மரபணு இருக்கிறது. அது கெட்டால் கோல்ட்ஸ் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறு வருகிறது என்று 2007-ல் தெரிந்தது. தோல், எலும்பு, பல், கண் என்று பல இடங்களில் பாதிப்பு. அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோயாளிகளிடம் மருத்துவச் சோதனைக்கும் வந்திருக்கின்றன. சோதனையில் அடிக்கடி பதிவான ஒரு பக்கவிளைவு, நாக்கில் ருசி மாறிப்போவது. நாக்கின் சுவை அரும்புகள் புதுப்பித்துக்கொள்ள விண்ட் தேவை, அதனால்.

இந்த மருந்து எல்லாப் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உதவுமா என்று கேளுங்கள். ரெண்டு மார்க் விடையால் பதில் சொல்ல முடியாது. கதை தெரிந்தால் முடியும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் ஏ.பி.சி. என்ற மரபணு கெட்டிருக்கும். அது செல்லுக்குள், கடிதம் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் வேலையைக் கட்டுப்படுத்துவது. அது கெட்டால் கடிதமே வராமல் உள்ளே மணி அடித்துக்கொண்டிருக்கும். அப்போது வெளியே விலாசம் எழுதுபவரைத் தடுத்து என்ன பயன்? எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்று முடிவெடுக்கும் இடத்தில், படிகள் தெரிந்தவருக்கும் வரியை மட்டும் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் உயிர் விஷயம்.

கடைசியாக டெல்லிக்கு வருகிறேன். 1973-ல் ஒரு வேளாண் நிறுவனத்தில் உட்கார்ந்து, இறக்கையில்லாத ஈயைக் கவனித்து, ஒரு சிறு குறிப்பு எழுதியவருக்கு எலிப் புற்றுநோயும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான். குடுவையில் ஒரு ஈ வித்தியாசமாக இருந்ததை, 'ஏதோ கோளாறு' என்று தூக்கி எறியாமல் குறித்து வைத்தார். அந்தக் குணத்துக்கு எந்தப் பரீட்சையில் மார்க் கொடுக்கிறோம்?

அடுத்த தடவை 'சுரக்கப்படும் கிளைக்கோபுரதம்' என்று எழுத நேர்ந்தால் தாராளமாக எழுதுங்கள், மார்க்கை விடவேண்டாம். கூடவே அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்: கொழுப்பு. திருத்துகிறவர் ஏன் என்று கேட்டால், பேச ஒரு நல்ல விஷயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாக மார்க்குக்காக வாதாடும் நண்பர்கள், பின்னூட்டத்தில் வந்து திட்டலாம். ஆதாரத்தோடு திட்டினால் கூடுதல் சந்தோஷம்!